ரயில் தொழிலாளர் திறந்த பாசறை

மாண்ட்போர்ட் பாயிண்ட்! அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகருக்கு அருகே அமைந்த படைப் பயிற்சிப் பாசறை அது. கறுப்பருக்கென்றே தனியே அமைக்கப்பட்ட பாசறை. அதன் கதையைத் தோழர்கள் அறிய வேண்டுமென விரும்புகிறோம். ஏனெனில், அதன் வாயிலைத் திறந்தது தளபதிகளின் தயவன்று. தொழிலாளர் சங்கத்தின் துணிவு!

நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்க மரைன் படை கறுப்பரை அண்டவிடவில்லை. மக்களாட்சியைக் காப்போம் என்று முழங்கிய அந்நாட்டிலே, போர்த் தளவாடத் தொழிற்சாலைகளிலும் அவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. இரவு ரயில்களில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துப் பணிபுரிந்த கறுப்புத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் வெகுண்டெழுந்தார். பாகுபாடு ஒழியாவிடில் ஆயிரமாயிரமாய்த் திரண்டு வாஷிங்டனுக்கு அணிவகுப்போம் என அறிவித்தார். 1941 ஜூன் 25இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களிலும் அரசுப் பணியிலும் பாகுபாடு கூடாதென ஆணையிட்டார். அணிவகுப்பு நடக்கவில்லை, அறிவிப்பே வெள்ளை மாளிகையை அசைத்துவிட்டது! மறு ஆண்டு மரைன் படையின் கதவும் திறந்தது.

எப்படித் திறந்தது? 1942 ஆகஸ்டில் வந்து சேர்ந்த இளைஞர்களுக்குக் காடும் சதுப்பும் கொசுவும் காத்திருந்தன. பக்கத்திலேயே லெஜூன் என்னும் பெரிய முகாம். வெள்ளையர் ஒருவர் துணைவராமல் கறுப்பு வீரன் அதற்குள் நுழையக்கூடாது! உடுப்பு ஒன்று, கொடி ஒன்று, சாகும் களமும் ஒன்று. வாழும் இடம் மட்டும் வேறாம்! என்னே அவர்தம் நீதி!

1943இல் கில்பர்ட் ஜான்சன், எட்கர் ஹஃப் போன்ற கறுப்பரே பயிற்சியாளராயினர். தம்மவரை எவரும் குறை சொல்லலாகாது என்று கடுமையாகப் பழக்கினர். ஆயினும் பயிற்சி பெற்றவரில் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வெடிமருந்தும் சரக்கும் சுமக்கும் வேலையே. 1944 ஜூனில் சைபான் தீவில், சுமை தூக்க வந்த அந்தக் கைகள் துப்பாக்கி ஏந்திப் போரிட்டன. கறுப்பு மரைன்களைச் சோதித்துப் பார்க்கும் காலம் முடிந்தது என்று படைத் தலைவர் வாண்டெகிரிஃப்ட்டே ஒப்ப நேர்ந்தது.

1948இல் ராண்டால்ஃப் மீண்டும் போர்க்கொடி உயர்த்தினார். அவ்வாண்டு ஜூலை 26இல், படைகளில் சமநிலை வேண்டுமெனக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டார். 1949இல் தனிப்பாசறை மூடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பயின்றிருந்தனர். 1974இல் அந்த இடத்துக்கு ஜான்சன் பெயரே சூட்டப்பட்டது. 2012இல் அவ்வீரர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது. எழுபதாண்டு கழித்து வந்த பதக்கம்! அதைக் காணாமலே கண்மூடியோர் எத்தனை பேர்!

படுக்கை விரித்த தொழிலாளியின் சங்கம், பாராளும் தலைவர் இருவரைக் கையெழுத்திட வைத்தது. தனிக்கதவு திறந்ததே போதுமென்று அது ஓய்ந்துவிடவில்லை. தடுப்புச் சுவர் தகரும் வரை ஓயவில்லை. சங்கத்தில் சந்தா கட்டும் ஒவ்வொரு தோழனும் இதை நினைவில் வைக்கட்டும்!