மலையேற்றமும் கியர்ப்பெட்டியின் வெப்பமும்

மும்பையிலிருந்து புணேக்குச் செல்லும் பழைய சாலை, கண்டாலாவை நோக்கி மலையேறுகிறது. அவ்வழியே பயணம் செய்த நேயர்கள், பாரம் ஏற்றிய லாரிகளைக் கவனித்திருக்கக்கூடும். இயந்திரம் திணறும் வரையில் லாரி ஓட்டுநர் காத்திருப்பதில்லை. ஏற்றத்தின் அடிவாரத்திலேயே கியரை இறக்கிவிடுகிறார். கையும் காதும் அவருக்குக் கற்பித்த பாடம் அது. அந்தப் பாடத்தைக் கருவியிடமே ஒப்படைத்துவிட்ட வண்டிகளில் நேரும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 'பிக்கப்' எனப்படும் திறந்த தட்டு வண்டியின் பின்னால், படகையோ குதிரைகளையோ நடமாடும் வீட்டையோ சுமந்த டிரெய்லரைப் பூட்டி, நெடுந்தொலைவு இழுத்துச் செல்வது சாதாரண வழக்கம். அவ்வண்டிகளில் பெரும்பாலானவை தாமாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமாட்டிக் வகையைச் சேர்ந்தவை. முழுவதும் தானே இயங்கும் இத்தகைய கியர்ப்பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் பெருவாரியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை. அதற்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் என்னும் சாதனம் உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும் அன்றோ? கன்வெர்ட்டரின் தத்துவமும் அதுவே. காற்றுக்குப் பதில் எண்ணெய்; விசிறிகளுக்குப் பதில் தகடுகள் பொருத்திய இரு சக்கரங்கள். இயந்திரம் ஒன்றைச் சுழற்ற, எண்ணெயின் வேகத்தால் மற்றது சுழன்று வண்டியை நகர்த்துகிறது.

பாரம் மிகும்போதுதான் வினை தொடங்குகிறது. முதற்சக்கரம் விரைந்து சுழல, இரண்டாவது பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டில் வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. இயந்திரம் 100 கிலோவாட் ஆற்றல் தருவதாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு நழுவுவதாகவும் கொள்வோம். 1,000 வாட் மின்னடுப்புகள் பத்தினை ஒரு மூடிய பெட்டிக்குள் எரியவிட்டதற்கு அது சமமாகும்.

அந்த எண்ணெயோ கியர்ப்பெட்டியின் உயிர் போன்றது. விசையைக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் அதுவே. ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை அது இயல்பாகப் பணி செய்யும். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரி உயரும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பழுதுபார்ப்போர் நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு. சுமார் 115 டிகிரியில் பிசின் போன்ற படிவு உண்டாகத் தொடங்கும். 130 டிகிரியை நெருங்கினால் ரப்பர் அடைப்புகள் இறுகிவிடும். 145 டிகிரியளவில் தட்டுகளே நழுவும். இக்கால எண்ணெய்கள் இன்னும் சற்றுத் தாங்குமாயினும், கேடு வரும் வரிசை இதுவேயாம்.

இழுக்கும் திறனைச் சோதிப்பதற்கென்றே பேர்பெற்ற ஒரு சாலை உண்டு. அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கருகில் தொடங்கும் அச்சாலை, ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் சுமார் 900 மீட்டர் உயரம் ஏறுகிறது. பாலைவனப் பகுதியாதலால் கோடையில் அனல் வீசும். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, அடிவாரத்தில் 38 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில், குளிர்சாதனத்தையும் முழுமையாக இயக்கிக்கொண்டு, குறித்த வேகத்துக்குக் குறையாமல் வண்டி தன் பாரத்தை மேலே இழுத்துச் செல்ல வேண்டும். அதில் தேறாத பாரத்தை, அவ்வண்டி இழுக்கும் என்று அவ்விதிப்படி அறிவிக்க இயலாது.

இனி ஓட்டுநர் செய்யத்தக்கது யாது? வேகம் கூடிய பின் கன்வெர்ட்டரின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும் பூட்டு ஒன்று இக்கால வண்டிகளில் உண்டு. பூட்டு விழுந்தால் நழுவல் இல்லை, வெப்பமும் தணியும். உயர்ந்த கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் அப்பூட்டு விடுபடும். கியரை இறக்கினாலோ இயந்திரம் விரைந்து சுழலும், கன்வெர்ட்டரின் மேல் விழும் பளு குறையும், பூட்டு நிலைக்கும். இரைச்சல் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. பாரம் இழுப்பதற்கென்று தனிப் பொத்தான் இருப்பின், ஏற்றம் வருமுன்பே அதனை அழுத்திவிட வேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கருவியைப் பொருத்துவதும், அதன் முகப்பில் புழுதி அடையாமல் காப்பதும் நலம். செந்நிற எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசினால், அதற்குமேல் தாமதிக்கலாகாது.

இவ்வளவும் செய்து வெப்பமானியின் முள் ஏறினால், சாலையோரம் நிறுத்துங்கள். உடனே இயந்திரத்தை அணைத்துவிடத் தோன்றும். அது தவறு. அணைத்தால் எண்ணெயைச் செலுத்தும் பம்பும் நின்றுபோகும். வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் ஒழுகினாலோ புகை எழுந்தாலோ மட்டும் உடனே அணைக்க வேண்டும். மற்றபடி 'பார்க்' நிலையில் வைத்து, இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டால், எண்ணெய் குளிர்கருவியின் வழியே சுழன்று சில நிமிடங்களில் தணியும்.

நம் நாட்டிலும் ஆட்டோமாட்டிக் கார்கள் பெருகிவிட்டன. அவற்றுள் கன்வெர்ட்டர் உள்ளவை சில. சாதாரணக் கிளட்சைத் தானே இயக்கிக்கொள்பவை சில. எவ்வகையாயினும், மேட்டில் நிற்கும் காரை பிரேக்கினால் நிறுத்தாமல் ஆக்ஸிலரேட்டரால் தாங்கிப் பிடித்தால், கன்வெர்ட்டரில் எண்ணெயும் கிளட்சில் தட்டும் சூடேறும். விடுமுறைக்குக் குடும்பத்துடனும் மூட்டை முடிச்சுகளுடனும் ஊர் திரும்பும் நேயர்கள் மலைப்பாதையில் இதனை மறவாதிருப்பார்களாக. கியர் மாற்றும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது உண்மையே. எதிரே வரும் மலையைப் பார்க்கும் வேலை இன்னும் ஓட்டுபவருடையதே.