தாடை மூட்டு வலியும் இயன்முறைச் சிகிச்சையும்

இரு காதுகளுக்கும் முன்னால் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால், தோலுக்கு அடியில் எலும்பு முனை ஒன்று அசைந்து முன்னே நகர்வதை எவரும் உணரலாம். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடை முனைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. வாய் சிறிது திறக்கும்போது அம்முனை இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அகலத் திறக்கும்போது தட்டையும் உடன்கொண்டு முன்னே வழுக்கிச் செல்கிறது. உண்ணவும் பேசவும் நாள் முழுவதும் உழைக்கும் இம்மூட்டை, அது வலிக்கும் வரையில் நாம் நினைப்பதே இல்லை.

வலி கண்டதும் பலர் பல்லையே குற்றம் கூறுவர். பல் சொத்தையால் தாடை வலிப்பதும் உண்டு. அதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும். ஆனால் காதின் முன்புறம் வலித்து, மெல்லும்போது மிகுந்து, காலையில் எழும்போது தாடை இறுகியிருந்தால், மூட்டையும் அதை இயக்கும் தசைகளையும் ஐயுறவேண்டும். நல்ல பல்லைப் பிடுங்குவதால் இவ்வலி தீராது. கற்றறிந்தோரும் இதில் வழி தவறியதுண்டு. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பற்களை இழப்பதால் தாடை இடம் பெயர்வதே இவ்வலிக்கு மூலம் என்று எழுதினார். அதன்பின் நெடுங்காலம் பற்களை அராவுவதும் உயர்த்திக் கட்டுவதும் சிகிச்சையாக நடந்தன. பிற்கால ஆராய்ச்சி அக்கருத்துக்கு ஆதரவு தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம், உறக்கத்தில் பல்லை நறநறத்தல், மனக்கவலை, அடிபடுதல் எனக் காரணங்கள் பல. ஆண்களைவிடப் பெண்களிடம் இத்தொல்லை மிகுதி. வலியில்லாமல் ‘கிளிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டால் சிகிச்சையே தேவையில்லை.

பெரும்பாலோர்க்கு அறுவையோ ஊசியோ வேண்டியதில்லை. எளிய முறைகளாலேயே வலி தணிந்துவிடும். முதலாவது, தாடைக்கு ஓய்வு. சில வாரங்கள் கரும்பு, முறுக்கு, கடினமான பட்டாணி ஆகியவற்றை விலக்கிக் குழைந்த சோறு, இட்லி, கூழ் உண்ணலாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழ் கையை முட்டுக் கொடுத்துக்கொள்வது நன்று. உதடுகள் சேர்ந்திருக்க, மேல் கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு நிலை. இதை நாளில் பலமுறை நினைவுபடுத்திக்கொள்வதே பாதி மருந்து. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், பொறுக்கும் சூட்டில், கன்னத்தில் 10 முதல் 15 நிமிடம் ஒற்றடம் கொடுக்கலாம். பின்னர் நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, நாக்கு அவ்விடம் விட்டு அகலாதவாறு மெல்ல வாயைத் திறந்து மூடவேண்டும். வேளைக்கு 6 முறை செய்தால் போதும். வலி மிகுந்தால் நிறுத்திவிடவேண்டும். இயன்முறை மருத்துவர் தசைகளைப் பிடித்துவிடுதல், மூட்டைக் கையால் மெல்ல இயக்குதல், கழுத்துப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்ப்பார். அறியாதவர் தாடையை வலிந்து இழுப்பது தீங்கே பயக்கும்.

எனினும், வாய் திறக்க முடியாத எல்லாரையும் பயிற்சிக்கு அனுப்பிவிடலாகாது. மண்வெட்டியோ முள்ளோ பட்டுக் காயமடைந்தவருக்குச் சில நாட்களில் தாடை இறுகினால், அது இரணஜன்னியின் முதற்குறியாக இருக்கலாம். ஒற்றடம் போட்டுக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். உழைக்கும்போது தாடையிலும் மார்பிலும் வலி பரவி வியர்த்தால், அது நெஞ்சு நோயாகலாம். அங்கும் தாமதம் கூடாது.

மற்றொன்று மெதுவாக வருவது. பாக்கும் பான் மசாலாவும் இடைவிடாது மெல்பவரின் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. வாய் நாளடைவில் சுருங்குகிறது. இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். தம் நடுவிரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களிடையே நுழைக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்கலாம். முடியாவிடில் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். இங்கும் வாய் திறக்கும் பயிற்சி உதவுகிறது. ஆனால் பாக்கை விடாமல் பயிற்சி மட்டும் செய்தால் நோய் மேலும் முற்றும்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. பக்கவாதத்துக்கும் முழங்கால் வலிக்குமே அச்சிகிச்சை என்று எண்ணித் தாடை வலிக்காரர் ஒதுங்கிவிடுவர். ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் கேட்டு, தம் வட்டாரத்தில் இயன்முறை மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராமசபையில் அறிவிக்கலாம்.