இரண்டு போர்களுக்கு இடையில் ஒரு ட்ரம்பெட்

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குக் கடந்த வருடம் ஓர் இசைக்குழு வந்து வாசித்தது. இரவு பத்தரை மணிக்கெல்லாம் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. அதைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் இரண்டு கிழமைக்கு மேல் ஓடியது. “இத்தனை சனத்தைப் பறிகொடுத்த மண்ணில் உங்களுக்கு என்ன கும்மாளம்?” என்று ஒரு பக்கம் கேட்டது. “பிள்ளைகள் சந்தோசமாக இருக்கவும் கூடாதோ?” என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு பக்கத்திலும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் உள்ளவர்கள்தான் நின்றார்கள்.

சித்தப்பா எதுவும் பேசவில்லை. அவர் தேவாலய பாண்ட் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர். திருநாளுக்கும் கலியாணத்துக்கும் வாசித்த அதே வாத்தியத்தைச் செத்தவீட்டு ஊர்வலத்திலும் வாசித்தவர். வீட்டுக்கு வந்தபிறகுதான், “ஷாங்காய்க்குப் போன அந்த மனிசனின்ரை கதையை எழுதன்” என்றார்.

அந்த மனிதரின் பெயர் பக் கிளேட்டன். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரு சிற்றலை வானொலி. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பேசும். செய்தி முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். சித்தப்பா மட்டும் “இன்னும் கொஞ்சம் சுத்து” என்பார். அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர் 1955 முதல் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சிக்காகத்தான் அந்தச் சுற்று. நான் களைத்துக் கை தளர்ந்தால் ட்ரம்பெட்டின் குரலும் தளர்ந்து இழுபடும்.

கிளேட்டன் 1911இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 1934இல், 22 வயதில், லொஸ் ஏஞ்சல்ஸில் தான் நடத்திவந்த குழுவுடன் கப்பலேறி ஷாங்காய்க்குப் போனார். அவர்களை அழைத்துப் போனவர், 1920களிலேயே ஆசியாவுக்கு வந்துவிட்ட பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட். ஷாங்காயில் அந்தக் குழுவுக்கு ‘ஹார்லெம் கனவான்கள்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஹார்லெம் இருப்பதோ நியூயோர்க்கில். இவர்கள் வந்ததோ அமெரிக்காவின் மறுகரையில் இருந்து. கறுப்பினத்தவரின் ஜாஸ் என்றால் ஹார்லெம் என்ற பெயர்ப்பலகை இருந்தால்தான் விலைபோகும் என்பது முதலாளிமாரின் கணக்கு.

வந்திறங்கிய நகரம்

அந்த நகரம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல் இந்தக் கதை விளங்காது. ஷாங்காய் அன்று ஒரே நகரமல்ல. பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆதிக்கம் செலுத்திய சர்வதேசக் குடியிருப்பு ஒன்று, பிரெஞ்சுக்காரரின் பகுதி இன்னொன்று, சீன நிர்வாகத்தின் கீழிருந்த பகுதிகள் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போரில் தோற்ற சீனாவிடம் வல்லரசுகள் எழுதி வாங்கிய ஒப்பந்தங்களின்படி, அந்த நாடுகளின் பிரஜைகளைச் சீனச் சட்டம் தொட முடியாது.

கிளேட்டன் போவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1932 ஜனவரி 28 அன்று, ஜப்பானியப் படைகள் ஷாங்காயின் சாபெய் பகுதியைத் தாக்கின. சன நெருக்கடி மிகுந்த குடியிருப்புகள் மீது விமானங்கள் குண்டு போட்டன. வீடிழந்தவர்கள் வெளிநாட்டவர் பகுதிகளுக்குள் ஓடினார்கள். மே மாதம் போர்நிறுத்தம் வந்தது. இடிபாடுகள் இருக்கவே, நடன மண்டபங்கள் முன்னைவிடக் கூடிய வெளிச்சத்துடன் இயங்கின. புகழ்பெற்ற பரமவுண்ட் நடன மண்டபம் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த வருடமான 1933இல்.

கிளேட்டனின் குழு வாசித்தது பிரெஞ்சுப் பகுதியில் இருந்த கனிட்ரோம் என்ற இடத்தில். நாய்ப்பந்தய மைதானமும் நடன மண்டபமும் சேர்ந்த பெரிய வளாகம் அது. சீனாவின் ஆட்சித் தலைவர் சியாங் காய்-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங் அங்கு வந்து போனதைக் கிளேட்டன் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

மேடையில் நின்றவர்கள் யார்?

மண்டபத்தின் வெளிச்சத்தைப் பார்ப்பவருக்கு இது பணக்காரரின் களியாட்டம். மேடையிலும் அதன் ஓரத்திலும் நின்றவர்களைப் பார்த்தால் கதை வேறு. 1917 புரட்சிக்குப் பிறகு நாடிழந்து வந்த ரஷ்யர்கள் வாத்தியம் வாசித்தார்கள். அவர்களின் பெண்கள் சீட்டு வாங்கியவர்களுடன் ஆடிப் பிழைத்தார்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத அவர்களுக்கு மற்ற வெள்ளையருக்கு இருந்த சட்டப் பாதுகாப்புக் கிடையாது. பிலிப்பைன்ஸில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பல குழுக்களுக்கு முதுகெலும்பாக இருந்தார்கள். அமெரிக்கக் குழுக்களுக்குத்தான் மதிப்பும் சம்பளமும் உச்சம். தங்கள் சொந்த நகரத்தின் பெரிய மேடைகளில் சீனக் கலைஞர்களுக்கு அன்று இடம் கிடைப்பது அரிது.

இந்த ஏணியில் கிளேட்டன் நின்ற இடம் விசித்திரமானது. சொந்த நாட்டில் பல உணவகங்களும் விடுதிகளும் அவருக்குக் கதவடைத்தன. ஷாங்காயிலோ தையற்காரர் வீட்டுக்கு வந்து அளவெடுத்தார், ரிக்‌ஷா அவருக்காகக் காத்திருந்தது. தன் வாழ்நாளில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது சீனாவில் கழித்த அந்த இரண்டு வருடங்களில்தான் என்று முதுமையிலும் அவர் சொன்னார். அதே ரிக்‌ஷாவை வெறுங்காலுடன் இழுத்துக்கொண்டு ஓடியவர் அந்த மண்ணின் சொந்தக்காரர் என்பதையும் நாங்கள் மறக்கக் கூடாது. ஒருவர் மூச்சுவிட இடம் கிடைத்தது, இன்னொருவரின் மூச்சை அழுத்திய ஒழுங்கு ஒன்றுக்குள்தான்.

அமெரிக்காவின் நிறவெறியும் கப்பலேறி வந்துதான் இருந்தது. வந்த புதிதில் வீதியில் வைத்து வெள்ளை அமெரிக்கர்கள் சிலர் இவர்களைத் திட்டிக் கல்லெறிந்தார்கள். கைகலப்பில் இவர்கள் வென்றார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சீனர்கள் ஆரவாரித்தபடி வீடுவரைக்கும் பின்னால் வந்தார்களாம். தாங்கள் செய்ய ஆசைப்பட்டும் செய்ய முடியாமல் இருந்த ஒன்றை இவர்கள் செய்துவிட்டதைப்போல அவர்கள் மகிழ்ந்ததாகக் கிளேட்டன் எழுதுகிறார்.

இன்னொரு கைகலப்பு அவருடைய வேலையைப் பறித்தது. கனிட்ரோமில் வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்னாள் கடற்படை வீரரான ஒரு வெள்ளை அமெரிக்கர் அவரை வம்புக்கிழுத்துத் தாக்கினார். அடிதடியின் முடிவில் மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது கிளேட்டனின் குழுவே.

கீழே இறங்கிய இடத்தில் கிடைத்தது

அதன்பிறகு அவர்களுக்குக் கிடைத்தது கஸனோவா என்ற சிறிய மண்டபம். அங்கு வந்தவர்கள் கேட்டது சீனப் பாட்டு. பிழைக்க வேண்டுமென்றால் அதை வாசித்தாக வேண்டும். கிளேட்டன் அப்போது பிரபலமாக இருந்த சீனப் பாடல்களைக் கேட்டுச் சுரக்குறிப்பு எழுதினார். சில ஒத்திகைகளுக்குப் பிறகு, நெடுநாள் பழகியவர்களைப்போல் குழு அவற்றை வாசித்தது.

இது நடந்ததற்கு ஓர் இசைக் காரணம் உண்டு. சீன மெட்டுகள் பல ஐந்து சுரங்களில் நடப்பவை. எங்கள் மோகன ராகத்தின் ஏறுவரிசையைப் பாடிப் பாருங்கள், அவற்றில் பலவற்றின் சாயல் வரும். கறுப்பினத்தவரின் ஆன்மீகப் பாடல்களிலும் புளூஸிலும் ஐந்து சுர நடைகள் நிறைய இருக்கின்றன. ஜாஸில் மெட்டு ஓர் எலும்புக்கூடு மட்டுமே. நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிப்பதைப்போல, வாசிப்பவர் அந்த இடத்தில் அந்த நேரத்தில் தன் கற்பனையால் அதற்குத் தசை வைக்கிறார்.

அந்தச் சீனப் பாடல்களில் ஒரு பெரும் பங்கு லீ ஜின்ஹுய் என்ற இசையமைப்பாளர் திறந்த பாதையில் வந்தவை. நாட்டுப்புற மெட்டையும் ஜாஸ் தாளத்தையும் கலந்தவர் அவர். இன்று சீன மெல்லிசையின் தந்தை என்கிறார்கள். அன்று அவருடைய இசைக்கு வைத்த பெயர் ‘மஞ்சள் இசை’, அதாவது ஆபாச இசை.

எங்கள் வாசிகசாலைச் சண்டையை நான் கண்டது இங்கேதான். லீயின் குழுவில் வயலின் வாசித்த நியே அர் என்ற இளைஞர், சாபெய் எரிந்த அதே 1932இல், தன் ஆசானையே புனைபெயரில் கண்டித்து எழுதினார். நாடு எரியும்போது மென்மையான காதல் பாட்டு எதற்கு என்பதே அவர் கேள்வி. மூன்று வருடங்களின் பின் ஒரு படத்துக்காக அவர் அமைத்த ‘தொண்டர் படையணியின் அணிநடை’தான் இன்று சீனாவின் தேசிய கீதம். அதன் தொடக்கமே போர்க்கொம்பின் அழைப்பு. அந்தப் பாடல் வந்த 1935இல், அதே நகரத்தில்தான் கிளேட்டனின் ட்ரம்பெட் ஒலித்துக்கொண்டிருந்தது. நியே அர் அவ்வருட ஜூலையில், 23 வயதில், ஜப்பானில் கடலில் மூழ்கி இறந்தார். லீ ஜின்ஹுய் 1967இல், கலாசாரப் புரட்சியின் கெடுபிடிகளுக்கு நடுவில் இறந்தார்.

எழுச்சிப் பாடலுக்கும் மெல்லிசைக்கும் இடையிலான அந்தக் கோடு நாங்கள் நினைக்குமளவு நேரானதல்ல. 1937இல் வந்த ‘வீதித் தேவதை’ என்ற படத்தில் சோ சுவான் என்ற பாடகி, ஜப்பானியர் பிடித்த வடகிழக்கில் இருந்து ஓடிவந்து தேநீர்க்கடையில் பாடிப் பிழைக்கும் ஒரு பெண்ணாக நடித்தார். பருவங்களைப் பற்றிய அந்தப் பெண்ணின் பாட்டு மெல்லிசைதான். பாட்டுக்குள் இருப்பதோ இழந்த ஊர்.

பிறகு வந்த குண்டுகள்

கிளேட்டன் 1936இல் அமெரிக்கா திரும்பினார். கன்சாஸ் சிற்றியில் கவுண்ட் பேஸியின் குழுவில் சேர்ந்தார், பில்லி ஹொலிடே பாடிய இசைத்தட்டுகளில் வாசித்தார், உலகம் அறிந்த கலைஞரானார்.

அவர் விட்டுவந்த நகரத்தில் 1937 ஓகஸ்டில் மீண்டும் போர் மூண்டது. 14ஆம் திகதி, ஜப்பானியப் போர்க்கப்பலைக் குறிவைத்த சீன விமானங்களின் குண்டுகள் தவறிப்போய், அகதிகளால் நிரம்பியிருந்த வெளிநாட்டவர் பகுதிகளில் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்பு என்று நம்பி ஓடிய இடத்திலேயே சாவு விழுந்தது எப்படியிருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிளேட்டனை அங்கு அழைத்துப்போன வெதர்ஃபோர்ட் பின்னர் இலங்கையிலும் இந்தியாவிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவில் வாந்திபேதி கண்டு இறந்தார்.

கனிட்ரோம் என்ன ஆனது? ஆட்சி மாறிய பின்னர், 1951இல், ‘எதிர்ப்புரட்சியாளர்’ என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை நிறுத்தும் பெருங்கூட்டங்கள் அங்கே நடந்தன. ஆட்டம் நடந்த வளாகம் தீர்ப்புக் களமாகியது. எங்கள் மைதானங்களும் பள்ளிக்கூடங்களும் எத்தனை வேடம் போட்டன என்பது நினைவிருக்கும்.

இசை மட்டும் முழுதாகப் போகவில்லை. 1940களிலேயே ஜிம்மி கிங் என்ற பெயரில் அறியப்பட்ட சீனர் ஒருவரின் ஜாஸ் குழு பரமவுண்ட் மேடையில் ஏறியது. முன்னர் ஏற முடியாதிருந்த அதே ஏணி. நீண்டகாலத் தடைக்குப் பின், 1980இல் அங்குள்ள பீஸ் ஹொட்டலில் வயதான கலைஞர்கள் ஒன்றுகூடிப் பழைய பாட்டுகளை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்கள்.

சித்தப்பா ஏன் இந்தக் கதையை எழுதச் சொன்னார் என்று இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. ஷாங்காயில் ஆடியவர்கள் எல்லோரும் எரிந்த சாபெயை மறந்தவர்களல்ல. வாசித்தவர்களில் பலர் எங்கோ ஒரு வீட்டை இழந்தவர்கள். நியே அரின் கோபமும் நியாயமானது. அவருக்கு ஒரு பாட்டும் தேநீர்க்கடைப் பெண்ணுக்கு ஒரு பாட்டும் வேண்டியிருந்தன. இரண்டையும் பாட ஒரே நகரத்தில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊரிலும் ஒரே ட்ரம்பெட்தான் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போனது. எந்த வீட்டில் எதை வாசிப்பது என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. இசைக்குழு வரலாமா கூடாதா என்று சண்டை பிடிப்பதைவிட, எந்த நாளில், எதை, யார் வாசிப்பது என்று கூடிப் பேசுவது எங்களால் முடியும் என்று நினைக்கிறேன்.

கிளேட்டனின் உதடுகள் 1960களின் கடைசியில் கைவிட்டன. அதன்பிறகு அவர் மற்றவர்களுக்கு இசை எழுதியும் கற்பித்தும் வாழ்ந்து, 1991இல் காலமானார். சித்தப்பாவுக்கும் முன்பற்கள் இல்லை, ட்ரம்பெட்டை வாயில் பிடிக்க முடியாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி அவர் கொண்டுபோன அந்த வாத்தியம் இன்னும் இருக்கிறது. மூன்று வால்வுகளில் ஒன்று இறுகிப்போய்விட்டது. இந்த வருட விழாவில் ஊர்ப் பையன் ஒருவனுக்கு அதைப் பழக்கி, முதலில் இறந்தவர்களுக்காக ஒரு கீதமும், பிறகு அவன் விரும்பிய எதையும் வாசிக்கவிடலாம் என்று குழுவினர் பேசியிருக்கிறார்கள். வால்வு திருத்தத் தெரிந்தவர் எவரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.