கணினி விளையாட்டில் ஓசையும் அசைவும்

2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டில், மாந்தர் பேச்சிழத்தலும் கைவிரித்து மரம்போல் நிற்றலும் ஒரோவழி நிகழும். அதுகண்டு ஆட்டத்தைக் கைவிட்டுப் பன்னாள் முயற்சியை இழப்பாரும் உளர். அது வேண்டா என்பதே எம் கருத்து.

இசை கேட்கப் பேச்சு மட்டும் கேளாதாயின், கணினியின் ஒலியமைப்பை நோக்குக. ஒலிபெருக்கி இரண்டேயிருக்க 5.1 எனக் குறித்திருப்பின், நடுப்பெருக்கிக்குரிய பேச்சு வெளிப்படாது போகலாம். ஸ்டீரியோ எனத் திருத்துக.

கைவிரித்து நிற்றல், அசைவுக்குரிய கோப்புகள் பொருந்தாமையின் விளைவாகும். பிறர் ஆக்கிய புதிய அசைவுகளைச் சேர்த்தபின் எஃப்.என்.ஐ.எஸ். என்னும் கருவியை மீண்டும் இயக்காமையே பெரும்பாலும் காரணம்.

எதனைத் திருத்துமுன்னும் சேமித்த ஆட்டத்தைப் படியெடுத்து வைப்போமாக. ஒருகால் ஒன்றையே மாற்றி ஆராயின், குறையின் முதல் தானே புலனாகும்.