ஏடும் ஊசியும் – 9: திருவள்ளூரின் நான்கு பெயர்கள்

அலமாரிகளைக் காத்துவந்த மருத்துவ நூலகர், 1971-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் நூலகர் கெர்ட்ரூட் லாம்ப் செய்த ஏற்பாட்டினால் மருத்துவர்களோடு வார்டு ரவுண்ட்ஸுக்குச் சென்ற வரலாறு சென்ற இதழோடு முடிந்தது. இவ்வாரத்திற்கு அறிவிக்கப்பட்டிருந்தது நூலகர்களின் பாடத்திட்டம். ஆயினும் அப்பாடம் எதற்காக வேண்டும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தைக் கொண்டே காட்டும் ஒரு செய்தி கிடைத்திருக்க, அதை ஒதுக்கிவிட்டு மேலே செல்வது முறையாகாது.

வேப்பம்பட்டிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலேறி, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஒருவர், தம் வட்டாரத்துக் காசநோயைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்ட முற்படுவதாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவதும், உலக மருத்துவ இதழ்களின் கட்டுரைக் குறிப்புகளை இலவசமாகத் தருவதுமான பப்மெட் தளத்தில் அவர் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அடிப்பார். முதலெழுத்தை அடுத்து ‘ஹெச்’ சேர்த்தால் ஒரு பட்டியலும், சேர்க்காவிட்டால் வேறொரு பட்டியலும் வரும். 1999-இல் இம்மாவட்டத்தின் ஊரகப் பகுதியில் தொடங்கிய ‘டாட்ஸ்’, அதாவது நோயாளி மருந்து விழுங்குவதை ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்யும் சிகிச்சைமுறை, குறித்த கட்டுரைகள் அவற்றில் இருக்கும். இவ்வூரின் காசநோய் ஆராய்ச்சி அப்போதுதான் தொடங்கியது என்று அம்மாணவர் முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்வதற்கில்லை.

உண்மையோ வேறு. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1968-இல், உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இதே மண்ணில் தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் இணைந்து நடத்திய இச்சோதனைக்காக ஏறத்தாழ 3,60,000 மக்கள் வீடுவீடாகக் கணக்கெடுக்கப்பட்டனர். ஏழரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவாயிற்று. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோய் வகைகளுக்கு எதிராக அது பயன்படுவதால், பிறந்த குழந்தைக்கு அதைப் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இத்தனை பெரிய ஆய்வு மாணவரின் கண்ணில் படாமற்போவதற்குக் காரணம் பெயரே. அன்றைக்குத் திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆகவே ஆய்வாளர்கள் வாயில் அது ‘செங்கல்பட்டுச் சோதனை’, அதுவும் ‘சிங்கிள்புட்’ என்ற ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலோடு. அறிக்கைகளின் தலைப்பிலோ அப்பெயரும் கிடையாது, ‘தென்னிந்தியா’ என்றே இருக்கிறது. இன்னும் பழைய ஆவணங்களுக்குப் போனால் ‘திரிவெல்லூர்’ என்பதையும் தேடவேண்டும். கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இடுவதற்கென்று 1960-இல் வந்த ‘மெஷ்’ என்னும் சொற்பட்டியலும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் இத்தகைய மாவட்டங்களுக்கு அதில் தலைப்பு இல்லை. இவையெல்லாம் போதாவென்று, 2019-இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகிவிட்டதால், அப்பெயரோடு இன்று வெளிவரும் கட்டுரை முற்றிலும் வேறு நிலப்பரப்பைப் பேசுகிறது.

திருவள்ளூர் (இரு எழுத்துக்கூட்டலிலும்), சிங்கிள்புட், தென்னிந்தியா, திரிவெல்லூர் என்ற இந்த நான்கு பெயர்களையும் ‘அல்லது’ என்ற இணைப்புச் சொல்லால் கோத்து, எந்தப் பெயர் எந்த ஆண்டுவரை செல்லும் என்று வரையறுத்து எழுதுவதற்குத் தேடல் உத்தி என்று பெயர். ஒரு கேள்விக்குரிய ஆய்வுகள் அனைத்தையும் விடாமல் திரட்டி எடைபோடும் முறைசார் மறுஆய்வுகளில், பிறர் அப்படியே திரும்பத் தேடிப் பார்க்கும் வகையில் இவ்வுத்தி வெளியிடப்பட வேண்டும். அதை எழுதித் தரும் நூலகர் உதவியாளர் அல்லர், ஆய்வாளரே. கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவதே நியாயம்.

இதற்கான விதை சென்னையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. 1929-இல் இங்கே நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமாயிருந்த சீ. இரா. ரங்கநாதன், எந்தப் பாடப்பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாகப் பிரித்துக் காணக் கற்பித்தார். நூல்களை வகைப்படுத்த 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் மருத்துவத்திற்கெனத் தனி எழுத்தும் உண்டு. இடத்தையும் காலத்தையும் தனித்தனியே நோக்கப் பழகிய நூலகர், திருவள்ளூர் என்று கேட்டவுடன் ‘எந்த ஆண்டின் திருவள்ளூர்?’ என்று திருப்பிக் கேட்பார். வகைப்படுத்தலுக்காகச் சொல்லப்பட்ட அப்பாடம், தேடலுக்கான பாடமாக மருத்துவ நூலகர் பயிற்சியில் இடம்பெற வேண்டும். அதை எந்தத் தாளில், எத்தனை மணி நேரம் சொல்லித்தருவது என்பதும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிவந்த, முறைசார் மறுஆய்வுகளுக்கான காக்ரேன் தெற்காசிய மையத்தின் பணியும் அடுத்த இதழில் இடம்பெறும்.

அதற்குள் பி.சி.ஜி. சோதனையின் முதல் அறிக்கையைப் பார்க்க விரும்பும் வாசகர்கள், உலக சுகாதார நிறுவன இதழின் 1979-ஆம் ஆண்டுத் தொகுதியை, அதாவது 57-ஆம் தொகுதியை, நூலகரிடம் கேட்டுப் பெறலாம். தலைப்பில் ‘தென்னிந்தியா’ என்றிருப்பதைக் கண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.