"ரைட் ஆஃப்" ஆனால் கடன் தீர்ந்ததா?



போன மாதக் கூட்டத்துக்கு நம்ம உறுப்பினர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். சில வருஷத்துக்கு முன்னால் பேங்கில் கறவை மாட்டுக் கடன் வாங்கியவர். மாடு செத்துப்போச்சு, தவணையும் நின்னுபோச்சு. இப்போது புதுக் கடன் கேட்டுப் போன இடத்தில் அவருடைய கடன் விவர அறிக்கையைக் கையில் கொடுத்து, கடன் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். பழைய கடனுக்கு நேரே ஆங்கிலத்தில் "ரிட்டன் ஆஃப்" என்று இருந்தது. காலேஜ் படிக்கிற மகன் பார்த்துவிட்டு, "உன் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா" என்றானாம். "தள்ளுபடி ஆச்சுன்னா புதுக் கடன் ஏன் தரலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

பையனையும் குறை சொல்ல முடியாது. 'ரைட்' என்றால் எழுது (பஸ் கண்டக்டர் சொல்லும் 'ரைட்' வேறு சொல்). 'ஆஃப்' நாம் ஃபேனை நிறுத்தும்போது சொல்வதுதான். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் அர்த்தம் பிடிபடாது. தமிழிலும் இப்படி உண்டு. "நிலத்தை எழுதி வாங்கிட்டான்" என்கிறோம். எழுதுவதும் வாங்குவதும் மட்டும் தெரிந்த ஒருவருக்கு, சொத்து கைமாறிய கதை புரியுமா?

'ரைட் ஆஃப்' இடத்துக்குத் தக்கபடி மாறும். விபத்தில் நொறுங்கிய வண்டிக்குச் சொன்னால், ரிப்பேர் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று பொருள். ஆளைச் சொன்னால், இவர் தேறமாட்டார் என்று ஒதுக்குவது. பேங்க் கணக்கில் வந்தால் வேறு. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அப்புறமும் வராமலே கிடந்தால், பேங்க் அந்தத் தொகையைத் தன் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அதுதான் ரைட் ஆஃப். மளிகைக் கடை அண்ணாச்சி வராத பாக்கியை வேறு நோட்டுக்கு மாற்றினால் நம்ம பாக்கி தீர்ந்துவிடுமா? அதே மாதிரிதான். கடன் நம் பேரில் அப்படியே நிற்கும், வசூலுக்கும் வரலாம்.

தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் வேறு சொல், 'வெய்வர்'. 2008-ல் மத்திய அரசு சிறு, குறு விவசாயிகளுக்குச் செய்ததும், 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கிய கடனுக்கு அறிவித்ததும் அதுதான். பத்திரிகைகளில் சில நேரம் இரண்டையுமே 'தள்ளுபடி' என்று போட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த உறுப்பினரிடம், முதலில் பேங்கில் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னோம். முழுசாகக் கட்டினால் நிலுவை இல்லைச் சான்று கேட்டு வாங்க வேண்டும். பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று பதிவாகும். அதையும் முழுசாகக் கட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடன் விவர அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கலாம். வாங்கியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க, சேர்ந்து படிப்போம்.