கிணற்றுக்காரருக்கு நாற்காலி எங்கே?

ஊரைச் சீரமைக்க அரசும் தொழில் செய்வோரும் மக்களும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புகளால் பலன் உண்டா? இதற்குத் திண்டுக்கல்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். தோல் ஷாப் என்று நாம் அழைக்கும் தோல் ஆலைகளின் தண்ணீரே பதில் சொல்லும்.

தோல் ஆலைக் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. நான்கில் மூன்று! திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்த ஏற்பாடோ செய்தாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

சிறிய ஷாப் தனியாக நிலையம் கட்ட முடியாது. அதனால் ஆலைக்காரர்கள் ஒன்றுகூடி கம்பெனி அமைத்தார்கள். அன்றைய திட்டப்படி செலவில் மத்திய அரசு 25, மாநில அரசு 25, கடன் 30, ஆலைக்காரர்கள் 20 சதவீதம். கூட்டு இல்லாவிட்டால் இந்த நிலையங்கள் எழும்பியே இருக்காது. அந்தப் பெருமையை மறுக்க மாட்டேன். ஆனால், தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பு அதைப் பிரிக்காது. அந்த உப்பு சேரும் கிணற்றுக்குச் சொந்தக்காரர் கம்பெனியின் பங்குதாரர் அல்லர்.

லண்டன் துறைமுகப் பகுதியில் 1981 முதல் 1998 வரை இயங்கிய வளர்ச்சிக் கழகமும் இப்படித்தான், பாதிக்கப்படுவோருக்கு நாற்காலி இல்லாத கூட்டு. திட்டமிடும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களிடமிருந்து அதன் கைக்குப் போனது. கட்டடங்கள் உயர்ந்தன, பழைய குடியிருப்பு மக்கள் ஒதுக்கப்பட்டதாகக் குமுறினார்கள்.

நம் ஊருக்கே திரும்புவோம். 2015-ல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்ட உத்தேசப் பட்டியலில் இருந்த திண்டுக்கல், இறுதியில் தேர்வான 11 தமிழக நகரங்களில் இடம்பெறவில்லை. நிதி போனது இழப்புதான். அதைவிட எனக்கு முக்கியம், 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை. மாநகராட்சியின் 48 வார்டுகளிலும் அது உயிரோடு நடக்க வேண்டும். அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டினால் வேலை நடக்கும். கட்ட வழியில்லாத தெருவுக்கு ஏரியா சபைதான் வாசல்.

ஆனால் உப்புநீருக்கு வார்டு எல்லை தெரியாது. கெட்ட கிணறுகள் கிராமங்களில் இருக்கின்றன. ஆகவே மாநகராட்சியும் இரண்டு ஒன்றியங்களும் ஆலைக்காரர்களும் விவசாயிகளும் ஒரே குழுவில் உட்கார வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் மாதாந்திரப் பரிசோதனை முடிவுகளை ஏரியா சபையும் கிராம சபையும் கூடும்போதெல்லாம் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமையோடு விவசாயிக்கு அந்தக் குழுவில் வாக்கும் வேண்டும்.